சுடச் சொன்ன வாய் எது?

தோழனே!

சென்ற வாரம் அச்சரப்பாக்கம் கடைத்தெருவில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் நான் பேசிக்கொண்டிருக்கையில், கூட்டத்தின் நடுவிலிருந்து கைமாறிக் கைமாறி ஒரு துண்டுச் சீட்டு மேடைக்கு வந்து சேர்ந்தது. கையெழுத்து அழகாக இருந்தது, கையொப்பந்தான் இல்லை. “கல்லெறிகிறவனைச் சுடாமல் கொஞ்சச் சொல்கிறீர்களா? போலீசார் கையில் துப்பாக்கி எதற்கு, ஆயுத பூசையன்று பொட்டு வைப்பதற்கா?” என்று கேட்டிருந்தார் அந்த நண்பர். மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு ஒலிபெருக்கி ஓயவேண்டும் என்பது விதி. விதிக்கு அடங்கியவர்கள் நாம், ஓய்ந்தோம். “விடை ஞாயிற்றுக்கிழமை வரும்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இதோ அந்த விடை.

அந்த நண்பரை நான் பகைவராக எண்ணவில்லை. அவர் கேட்டது அவர் ஒருவருடைய கேள்வியன்று. தேநீர்க் கடையில், பேருந்தில், முடிதிருத்தகத்தில், ‘இரண்டு பேரைச் சுட்டுப்போட்டால் எல்லாம் அடங்கிப்போகும்’ என்று நாள்தோறும் கேட்கிறோம் அல்லவா, அதைத்தான் அவர் எழுத்தில் வடித்துக் கொடுத்தார். சொல்லுகிறவர் நல்லவர், பிள்ளைகுட்டிக்காரர், கோழி அறுப்பதைக்கூடப் பார்க்கமாட்டாதவர். எனினும் அந்த ‘இரண்டு பேர்’ யார் என்று ஒரு நொடி எண்ணிப் பார்த்தாரா? அந்த இருவருக்கும் பெயர் உண்டு, தாய் உண்டு, அடுப்பில் காத்திருக்கும் சோறு உண்டு என்று எண்ணினாரா? எண்ணவில்லை. எண்ண விடாதபடி நம்முடைய மொழியையே பழக்கி வைத்திருக்கிறார்கள், தோழனே!

‘லேசான தடியடி’ என்று ஏடுகள் எழுதும். தடியில் லேசு என்று ஒன்று உண்டா? மண்டை பிளந்து மருத்துவமனையில் கிடப்பவனைக் கேட்டால் அதன் எடையைச் சொல்வான். ‘துப்பாக்கிப் பிரயோகம்’ என்பார்கள், ஏதோ மருத்துவர் மருந்தைப் பிரயோகிப்பது போல! ‘கலவரக்காரர்கள் பலி’ என்பார்கள். இறந்தவன் கலவரக்காரன்தானா என்று விசாரிப்பதற்கு முன்பே அவனுக்குப் பட்டம் கட்டியாகிவிடும். அன்று வெள்ளைக்காரனுடைய அரசாங்கக் குறிப்புகளில் பிறந்த சொற்கள் இவை. வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய்விட்டான், சொற்கள் தங்கிவிட்டன. சொற்களோடு சட்டமும் தங்கிவிட்டது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். சட்டம் என்றால் வழக்கறிஞர்களின் சொத்து என்று ஒதுங்கிவிடாதே. அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவதற்கு உனக்கு உரிமை தந்திருக்கிறது. ‘ஆயுதமின்றி’ என்ற சொல்லை அடிக்கோடிட்டு வைத்துக்கொள். கூட்டத்தைக் கலைப்பது எப்படி என்பதற்கும் முறை உண்டு. கூட்டம் சட்டவிரோதமானது என்றால், நிர்வாக நடுவரோ தகுதியுள்ள காவல் அதிகாரியோ முதலில் கலைந்து போகும்படி ஆணையிடவேண்டும். கலையவில்லையென்றால்தான் பலம். இராணுவத்தையே அழைத்தாலும், இயன்ற அளவு குறைந்த பலம், இயன்ற அளவு குறைந்த காயம் என்று சட்டம் எழுத்தில் கட்டளையிடுகிறது. காவல்துறையின் நிலையாணைகளும் எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தடி என்று படிப்படியாகப் போகச் சொல்லி, வேறு வழியே இல்லாதபோது துப்பாக்கி, அதுவும் தாழ்த்திக் குறிவைத்து என்றே சொல்கின்றன. ஆக, கொஞ்சச் சொல்வது நானல்லன், நண்பரே! நிதானிக்கச் சொல்வது அரசாங்கம் தானே எழுதிய ஏடு.

அச்சரப்பாக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க நான் வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஊரின் பெயரிலேயே இருக்கிறது. சிவபெருமான் முப்புரங்களை எரிக்கத் தேரேறிப் புறப்பட்டாராம். புறப்படுமுன் பிள்ளையாரை வணங்க மறந்தாராம். தேரின் அச்சு இற்றுப்போயிற்றாம். அச்சு இறுத்த இடம் அச்சிறுபாக்கம் ஆயிற்றாம். ஆட்சீசுவரர் கோயிலில் இன்றும் இந்தக் கதையைச் சொல்லுகிறார்கள். அச்சுமுறி விநாயகர் என்று பிள்ளையாருக்குத் தனிப்பெயரே வழங்குகிறது. கதையை நாம் நம்புகிறவர்கள் அல்லர் என்பது உனக்குத் தெரியும். நம்புகிறவர்களைத்தான் கேட்கிறேன்: பகைவனை அழிக்கப் புறப்பட்ட கடவுளுக்கே, முன்னனுமதி கேட்காத குற்றத்துக்காகத் தேர் நடுவழியில் நின்றது என்று பக்தியோடு சொல்கிறீர்களே, சொந்தக் குடிமக்கள்மேல் துப்பாக்கி தூக்கப் புறப்படுகிற அதிகாரிக்கு எந்த அச்சும் முறிவதில்லையே, ஏன்?

இந்த மாவட்டத்தின் கதைக்கே வருகிறேன். தூரத்து ஊர்களைச் சொன்னால், ‘அங்கே என்ன நடந்ததோ’ என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போகலாம். இது நம் வீட்டுக் கதை.

1891-இல் செங்கற்பட்டு ஆட்சித்தலைவராக இருந்த திரமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர், இந்த மாவட்டத்துச் சேரிகளைப் பார்த்துவிட்டு ஓர் அறிக்கை எழுதினார். உழைக்கிறவனுக்கு நிலமில்லை, நிலமிருந்தால் அவனுக்கு நிமிர்வு வரும் என்பது அதன் சாரம். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30-ஆம் நாள், 1010 என்ற எண்ணுள்ள அரசாணை பிறந்தது. அந்த ஆணையின்படி தாழ்த்தப்பட்டோருக்கு வழங்கப்பட்ட நிலத்தையே பஞ்சமி நிலம் என்கிறோம். சென்னை மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பத்தாண்டுகளுக்கு அதை எவருக்கும் விற்கக் கூடாது. அதன் பின்னும் தாழ்த்தப்பட்டோர் அல்லாத எவருக்கும் விற்கக் கூடாது. மீறி விற்றால் விற்பனை செல்லாது. இதைவிடத் தெளிவாக ஓர் ஆணை எழுத முடியுமா?

எழுதிய ஆணை ஏட்டில் இருந்தது. நிலம் எங்கே போயிற்று? கடனுக்குப் போயிற்று, மிரட்டலுக்குப் போயிற்று, கைநாட்டுக்குப் போயிற்று; சாராயத்துக்குக்கூடப் போயிற்று என்று ஊரில் சொல்வார்கள். கிழக்குக் கடற்கரையில் மணலுக்கும் மதிப்பு ஏறியபின், கட்டடம் கட்டுகிறவர்களின் வேலிக்குள்ளும் போயிற்று. மாமல்லபுரம் வட்டாரத்துக் காரணை என்ற சிற்றூரில், பறிபோன பஞ்சமி நிலத்தை மீட்கவேண்டும் என்று தாழ்த்தப்பட்ட மக்கள் எழுந்தார்கள். அரிவாளோடு எழவில்லை, தோழனே, அரசாணையோடு எழுந்தார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலையை நாட்டினார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கேட்கச் செங்கற்பட்டில் திரண்டார்கள். 1994 அக்டோபர் 10-ஆம் நாள் போலீசார் சுட்டனர். ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் மாண்டனர்.

கணக்குப் போட்டுப் பார். அரசாணை பிறந்து நூற்றிரண்டு ஆண்டுகளும் பத்து நாட்களும் ஆனபோது, அந்த ஆணையை நிறைவேற்றுங்கள் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த விடை அது! சட்டத்தை மீறியவர் யார்? விற்கக் கூடாத நிலத்தை எழுதி வாங்கியவர். அதைப் பதிவு செய்து கொடுத்தவர். பட்டாவை மாற்றிக் கொடுத்தவர். அவர்களில் எவர்மீதாவது கண்ணீர்ப்புகை வீசியதுண்டா? லேசாகவேனும் ஒரு தடி ஓங்கியதுண்டா? சட்டத்தை மீறியவர் வீட்டில் விசிறியடியில் அமர்ந்திருந்தார். சட்டத்தைக் கேட்டவர் தெருவில் செத்துக் கிடந்தார். துண்டுச் சீட்டு எழுதிய நண்பரே, ‘இரண்டு பேரைச் சுட்டால் அடங்குவார்கள்’ என்பது பழமொழி போலாகிவிட்டதே, இங்கே எண்ணி இரண்டு பேரைச் சுட்டார்கள். அடங்கிற்றா? ஆண்டுதோறும் அக்டோபர் 10 அன்று அந்த இருவருக்கும் மாலை சூட்ட மக்கள் வருகிறார்கள். நிலத்தைக் கேட்கும் குரலும் ஓயவில்லை. குண்டு இரண்டு உயிரைத் தின்றது. கோரிக்கையில் ஒரு காற்புள்ளியைக்கூட அதனால் அழிக்க முடியவில்லை.

அன்று அ.தி.மு.க. ஆட்சி. உடனே நம்மில் சிலருக்கு மீசை துடிக்கும். ‘பார்த்தீர்களா அவர்கள் ஆட்சியை’ என்று மேடையேறத் தோன்றும். பொறு. கோட்டையில் எந்தக் கொடி பறந்தாலும் துப்பாக்கி ஒரே திசையைத்தான் பார்த்திருக்கிறது. 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்த மாணவர்மீது சுட்டது பக்தவத்சலத்தின் காங்கிரசு ஆட்சி. அரசுக் கணக்கிலேயே எழுபதை ஒட்டிய சாவு. 1967-இல் வாக்குச்சாவடி அதற்கு விடை சொன்னது. 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு வன்னிய மக்கள் சாலையில் அமர்ந்தபோது, 21 உயிர்கள் போயின, அது எம்.ஜி.ஆர். ஆட்சி. 1999 சூலை 23-இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்களை அடித்து விரட்டினார்கள். தாமிரபரணியில் 17 பேர் பிணமானார்கள், அதில் ஒரு பச்சிளங்குழந்தையும் உண்டு. அது தி.மு.க. ஆட்சி. ‘பெரும்பாலோர் நீரில் மூழ்கித்தான் இறந்தனர்’ என்றது விசாரணை ஆணையம். ஆற்றில் அவர்களைத் தள்ளியது வெள்ளமா, தோழனே? 2011-இல் பரமக்குடி. அங்கே சுட்டது சரியே என்று எழுதிக் கொடுத்துவிட்டது ஆணையம். 2018-இல் தூத்துக்குடி. மறுபடியும் அ.தி.மு.க.

எந்தக் கட்சியின் கணக்கில் எத்தனை என்று கூட்டிக் கழிப்பவன் அரசியல் செய்யலாம். நியாயம் கேட்க முடியாது. ‘அவர்கள் சுட்டால் படுகொலை, நம்மவர் சுட்டால் சட்டம் ஒழுங்கு’ என்று சொல்லும் நாக்கு நமக்கு வேண்டாம். நாளைக்கு நாமே ஆட்சியில் அமர்ந்தாலும், இந்தக் கட்டுரையை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டும் உரிமையை இன்றே உனக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

தூத்துக்குடியைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். அங்கேதான் முடிச்சு வெளிப்படையாகத் தெரிகிறது. தாமிர ஆலையை மூடு என்று நடந்த போராட்டத்தின் நூறாவது நாள், மே 22. மக்கள் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்தார்கள். அன்றும் மறுநாளுமாகச் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையம் நான்காண்டு விசாரித்தது. 2022 அக்டோபரில் பேரவையில் வைக்கப்பட்ட அதன் அறிக்கை சொல்வதென்ன? சுடுவதற்கேற்ற நிலைமை இல்லை. ஓடுகிறவர்களைச் சுட்டார்கள். மறைவிடத்தில் நின்று சுட்டார்கள். 17 காவல்துறையினர்மீதும் அன்றைய ஆட்சியர்மீதும் நடவடிக்கை வேண்டும். நடந்ததைத் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சொன்னாரே, அது உண்மையன்று என்றும் ஆணையம் குறித்தது.

ஆட்சியர் அலுவலகத்தின் வாசலில் சூடு. ஆட்சித்தலைவர் ஊரில் இல்லை. மாவட்டமே பற்றி எரிகிறது. முதலமைச்சருக்குத் தொலைக்காட்சிப் பெட்டி செய்தி சொல்கிறது. அப்படியானால் ‘சுடு’ என்று சொன்ன வாய் எது? முதலில் வெளிவந்த பெயர்கள் எவை தெரியுமா? தனித்துணை வட்டாட்சியர்கள்! பட்டா மாறுதலுக்கும் சாதிச் சான்றுக்கும் நாம் தேடிப் போகும் வருவாய்த்துறை அலுவலர்கள் சிலரே, நிர்வாக நடுவர் என்ற முறையில் சுடும்படி ஆணையிட்டதாக ஏட்டில் ஏறியிருந்தார்கள். பெரிய பெரிய காவல் அதிகாரிகள் நிறைந்திருந்த ஊரில், எல்லாரையும் தாண்டி ஒரு துணை வட்டாட்சியரின் சொல்லுக்குத்தான் துப்பாக்கிகள் காத்து நின்றனவாம். நம்புகிறவர்கள் நம்புக!

அடியேன் நாடகக்காரன், ஆகையால் இது எனக்குச் சற்று அதிகமாகவே உறுத்துகிறது. எங்கள் மேடையில் துப்பாக்கி வெடிக்கும் காட்சி வந்தால், படுதாவுக்குப் பின்னால் ஒரு பையன் வெடியோடு உட்கார்ந்திருப்பான். எந்த வசனத்தின் எந்தச் சொல்லுக்கு அவன் கொளுத்தவேண்டும் என்பது நாடகப் பிரதியில் குறித்திருக்கும். ஒரு நொடி முன்னே பின்னே ஆனால் சுடப்படுகிறவன் விழுந்த பிறகு சத்தம் கேட்கும், கொட்டகை சிரிக்கும், இடைவேளையில் அந்தப் பையனைப் பிடித்து, ‘யாரடா உனக்குச் சைகை கொடுத்தது?’ என்று கேட்போம். ஐந்து நிமிடத்தில் விடை வந்துவிடும். 1954-ஆம் ஆண்டு நாடகச் சட்டம் ஒன்று இருந்தது. அதைக் காட்டி, மேடையேறுமுன் பிரதியைப் போலீசு பார்வைக்குக் கொண்டுவா என்றார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதன் விதிகளைச் செல்லாதென்று சொன்னது 2013-இல்தான். பொய்த் துப்பாக்கி எந்த வசனத்தில் வெடிக்கும் என்பதை முன்கூட்டி எழுதிக் காட்டச் சொன்ன அரசு, மெய்த் துப்பாக்கி எவர் சொல்லில் வெடித்தது என்பதை நான்காண்டு கழித்தும் எழுதிக் காட்டத் தடுமாறுகிறது. எது நாடகம், தோழனே?

டயரை நினைத்துப் பார்க்கிறேன். 1919 ஏப்ரல் 13, அமிர்தசரசு, ஜாலியன்வாலா பாக். பத்து நிமிடம், 1,650 தோட்டாக்கள், அரசாங்கக் கணக்கிலேயே 379 பிணங்கள். உலகம் காறியுமிழ்ந்த கொடியவன் அவன். ஆனாலும் ஹண்டர் குழுவின் முன் அவன் நின்றபோது, ஆணையிட்டது தான்தான் என்றும், எச்சரிக்கை கொடுக்கவில்லை என்றும், சந்து அகலமாக இருந்திருந்தால் இயந்திரத் துப்பாக்கி வண்டியையும் உள்ளே கொண்டுபோயிருக்கக்கூடும் என்றும் மறைக்காமல் சொன்னான். வெட்கமில்லாமல் சொன்னான், ஆயினும் சொன்னான். நம் நாட்டு மக்களாட்சியில், நம் வாக்கால் அமர்ந்த ஆட்சிகளின்கீழ் நடந்த சூடுகளில், ‘ஆம், நான்தான் சுடச் சொன்னேன், காரணம் இது’ என்று முன்வந்து நின்றவர் ஒருவரைக் காட்டு பார்க்கலாம்!

ஏன் முன்வரவேண்டும்? வராமலிருக்கச் சட்டமே குடை பிடிக்கிறதே! கூட்டத்தைக் கலைக்கும்போது செய்த செயலுக்காக எந்த அதிகாரிமீதும், அரசாங்கத்தின் அனுமதியின்றி வழக்குத் தொடர முடியாது. வெள்ளைக்காரன் 1898-இல் எழுதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 132-ஆம் பிரிவு. 1973-இல் புதிய சட்டம் எழுதினார்கள். அப்போதும் அதே 132. 2024 சூலை முதல் நாளிலிருந்து ‘பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா’ என்று வாயில் நுழையாத பெயரோடு ஒரு சட்டம் நடக்கிறதே, அடிமைச் சின்னங்களை ஒழிக்கவே கொண்டுவந்தோம் என்று டில்லி மார்தட்டியதே, அதிலே 151-ஆம் பிரிவு. பெயரை மாற்றினார்கள், எண்ணை மாற்றினார்கள். வெள்ளைக்காரன் தன் அதிகாரிக்குப் பிடித்த குடையை மட்டும் பத்திரமாக மடித்து எடுத்து வைத்துக்கொண்டார்கள். சுட்டவர் அரசாங்கத்தின் ஆள். சுட்டவர்மீது வழக்குப் போட அனுமதி தரவேண்டியதும் அரசாங்கம். மாமியார் உடைத்தால் மண்குடம் என்பது இதுதான்!

வெள்ளைக்காரன் தன் ஊரில் என்ன செய்தான்? 1829-இல் இலண்டன் மாநகரில் போலீசுப் படையை அமைத்தபோது சாதாரணக் காவலர் கையில் தடியைத்தான் கொடுத்தான். இன்றைக்கும் அங்கே ரோந்து போகும் காவலர் பெரும்பாலோர் இடுப்பில் துப்பாக்கி இல்லை. அதே வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்துக்கு 1859-இல் ஒரு போலீசுச் சட்டம் செய்தான். 1857 கிளர்ச்சியின் சூடு ஆறாத நேரம். 1861-இல் மற்ற மாகாணங்களுக்கும் செய்தான். தன் மக்களுக்குக் காவலன், நமக்குக் கண்காணி என்பது அவன் திட்டம். அவனைக் குறை சொல்வதற்கில்லை, அவன் அந்நியன். நம்மவர்கள் அதை அப்படியே வைத்திருப்பதைத்தான் குறை சொல்கிறேன்.

‘அமெரிக்காவில் போலீசார் சுடுவதில்லையா?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. சுடுகிறார்கள். அந்த நாட்டில் மக்கள் தொகையைவிடத் துப்பாக்கிகளின் தொகை அதிகம். எதிரே வருபவன் சட்டைப்பையில் என்ன இருக்குமோ என்று ஒவ்வொரு காவலரும் அஞ்சுகிறார். அந்த அச்சத்தின் விலையை அங்கே அப்பாவிகள் கொடுக்கிறார்கள். அதைப் பார்த்துப் பொறாமைப்பட ஒன்றுமில்லை. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. உரிமமில்லாமல் ஒரு நாட்டுத்துப்பாக்கி வைத்திருந்தாலும் சிறை. சாலையில் அமர்கிற தாயின் கையில் காலிக் குடம், உழவர் கையில் மனு, மாணவர் கையில் அட்டை. துப்பாக்கி இருப்பது ஒரே பக்கத்தில். அமெரிக்கச் சாக்கு இங்கே எடுபடாது.

ஆனால் வேறொரு துப்பாக்கி மோகம் நம்மிடையே வளர்ந்துகொண்டு வருகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் ஆகமாட்டேன். வெள்ளித்திரையில் காக்கி உடுத்த நாயகன் நீதிமன்றத்தை எள்ளி நகையாடிவிட்டுக் குற்றவாளியை நெற்றியில் சுடுகிறான், கொட்டகை விசிலடிக்கிறது. நம் தோழர்களும் அடிக்கிறார்கள். அந்த விசில் கொட்டகையோடு நின்றுவிடுவதில்லை. 2019 டிசம்பர் 6-ஆம் நாள், ஐதராபாத் அருகே, ஒரு பெண்ணைக் கெடுத்துக் கொன்ற வழக்கில் பிடிபட்ட நால்வரைப் போலீசார் சுட்டுக் கொன்றபோது, காவலர்கள்மேல் மக்கள் மலர் தூவினார்கள். குற்றம் கொடியது, நெஞ்சு கொதித்தது, மறுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல் என்ன சொல்லிற்று? மோதல் என்று சொன்ன கதை நம்பத்தக்கதன்று, கொல்லும் நோக்கத்தோடே சுட்டார்கள், பத்துக் காவலர்கள்மீது கொலை வழக்குத் தொடரவேண்டும், இறந்த நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். தூவிய மலர்களை யார் போய்ப் பொறுக்குவது? அன்று மலர் தூவிய கைதான், நாளைக்குச் சாலை மறியலில் தன் மகன் சுடப்பட்டால் தலையில் அடித்துக்கொள்ளும் கை. ‘விசாரணை வேண்டாம், சுடு’ என்று ஒருவனுக்காக உரிமம் கொடுத்தால், அந்த உரிமத்தில் அடுத்த பெயரை நிரப்புவது நீயல்ல.

இன்னொரு பக்கத்தையும் பேசிவிடுகிறேன். கல்லெறிவது தவறா, இல்லையா? தவறுதான். 1965 பிப்ரவரியில், நாம் உயிரினும் மேலாகப் போற்றும் மொழிப்போரின் நடுவிலேயே, திருப்பூரில் இரண்டு போலீசு உதவி ஆய்வாளர்களைக் கூட்டம் உயிரோடு கொளுத்தியது. அவர்களுக்கும் தாய் இருந்தாள். மொழியின் பெயரால் செய்தாலும் அது கொலைதான். நம் அணியில் கல் எடுப்பவன், எதிரணிக்குத் தோட்டா எடுத்துக் கொடுப்பவன். ஊர்வலத்தில் உன் பக்கத்தில் ஒருவன் கல்லைக் குனிந்து எடுத்தால், போலீசுக்கு முன்பாக நீ அவன் கையைப் பிடி.

ஆனால் ஒன்றைக் கவனி. கல்லெறிந்தவனுக்குச் சட்டம் உண்டு; வழக்கு உண்டு; சிறை உண்டு; அவனைப் பிடிக்கலாம், நிறுத்தலாம், தண்டிக்கலாம். கல்லெறிதலுக்கு மரண தண்டனை எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. நீதிபதியே விதிக்க முடியாத தண்டனையை நடுத்தெருவில் நிறைவேற்ற எவருக்கு உரிமை? அதுவும் எறிந்தவன் தப்பி ஓட, வேடிக்கை பார்த்தவன் வீழ்கிறான். குண்டுக்குக் கல்லெறிந்தவன் முகம் தெரியாது. காவலர்களின் உயிருக்கே உடனடி ஆபத்து என்றால்? சுடலாம்; தற்காப்பு எல்லார்க்கும் உண்டு; அதை நான் மறுத்தால் என்னை அறிவிலி என்று சொல். அப்படிச் சுட்டவர் அதை நீதிமன்றத்தில் நிறுவட்டும். எவரும் மெய்ப்பிக்கவேண்டிய தற்காப்பை, காக்கிச் சட்டை மட்டும் மெய்ப்பிக்காமலே பெறுவது ஏன் என்பதே என் கேள்வி.

துப்பாக்கி ஏந்தி நிற்கும் அந்தக் காவலர்மீது வெறுப்பு வளர்க்காதே. அவர் யார்? மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் நாற்று நட்ட தாயின் மகன். நாள் கணக்கில் பந்தோபஸ்து, உறக்கமில்லை, வேளைக்கு உணவில்லை, சங்கம் வைக்க உரிமையில்லை. தூத்துக்குடியில் ஒரே காவலர் இடம் மாற்றி மாற்றி நிறுத்தப்பட்டுச் சுட்டார் என்று ஆணையம் குறிப்பிட்டது. அவராக ஊரைச் சுற்றிச் சுடக் கிளம்பியிருப்பாரா? நிறுத்தியவர் ஒருவர் இருந்திருக்கவேண்டும். விரலைத் தண்டித்துவிட்டு வாயைத் தப்பவிடும் நீதியும் நமக்கு வேண்டாம்.

விழுப்புரத்தில், 1987-இல் உயிர்நீத்த 21 பேருக்கு 2025 சனவரியில் மணிமண்டபம் திறந்தார்கள். நல்ல செயல், தலைவணங்குகிறோம். அச்சரப்பாக்கம் வழியாகத் தெற்கே போகும் பெருஞ்சாலையில் போனால் அடைந்துவிடலாம், போய்ப் பார். இறந்தவர்களைக் கல்லில் நினைவு வைத்த நாடு, சுடச் சொன்னவர்களை எந்தக் கல்லிலும் நினைவு வைக்கவில்லை. தூத்துக்குடியில் குடும்பத்துக்கு இருபது லட்சம் கொடுத்தார்கள், வேலையும் கொடுத்தார்கள். கொடுக்கத்தான் வேண்டும். அந்தப் பணம் யாருடையது? உன்னுடையது, என்னுடையது, தீப்பெட்டி வாங்கும்போதும் நாம் கட்டுகிற வரி. சுடச் சொன்னவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காசு போயிற்றா?

ஆகவே, துண்டுச் சீட்டு நண்பரே, துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு போலீசாரை வெறுங்கையோடு அனுப்பு என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பது மிகச் சிறியது. அதனால்தான் ஆட்சியாளர்களுக்கு அது மிகப் பெரிதாகத் தெரிகிறது. சுடும் ஆணை எவருடையது என்பது, சுடுமுன் எழுத்திலோ ஒளிப்பதிவிலோ இருக்கவேண்டும். பின்னால் உட்கார்ந்து கையெழுத்துத் தேடக்கூடாது. குண்டடிபட்டு ஒருவர் இறந்தால், இறந்தவர்கள்மேல் மட்டுமல்லாமல் சுட்டவர்கள்மேலும் முதல் தகவல் அறிக்கை எழுதவேண்டும், விசாரிப்பது வேறு மாவட்டத்து அதிகாரியாக இருக்கவேண்டும். போலி மோதல் வழக்குகளுக்கு 2014-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறியின் கருத்தே இதுதான், அதைக் கூட்டத்தின்மேல் சுடும் சூட்டுக்கும் நீட்டினால் போதும். விசாரணை ஆணையத்தின் அறிக்கை வந்தால் ஆறு மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கைக் குறிப்போடு அவையில் வைக்கவேண்டும் என்று 1952-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. வைத்த பிறகு நடவடிக்கை எடுக்காவிட்டால் என்ன என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. அந்த ஓட்டையை அடைக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த 151-ஆம் பிரிவு போகவேண்டும். அது டில்லியின் கையில் இருக்கிறது. மற்றவற்றில் பலவற்றைச் சென்னையிலேயே, ஓர் அரசாணையால், ஒரு மாலைப் பொழுதில் செய்துவிடலாம்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன், தோழனே. அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாதே. உன் ஊரின் பழைய நிலப்பதிவேட்டில் பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், இன்று அது எவர் பெயரில் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்கி, அந்தத் தாளோடு போ. பிறகு, வாக்குக் கேட்டு வருகிற வேட்பாளர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், வேட்டியின் கரையைப் பார்க்காமல் அவரை நிறுத்தி, 151-ஆம் பிரிவை நீக்க வாக்களிப்பீர்களா, மாட்டீர்களா என்று ஊரார் முன்னிலையில் கேள். நம் வேட்பாளர் வந்தால், அவரை முதலில் கேள்.